வண்டியிலிருந்து இறங்கிய கன்றுக்கு அன்றைக்கே ஊசி போடலாமா?

சந்தையில் கன்று வாங்கி வீட்டில் இறக்கியதும் வருகிற முதல் கேள்வி இதுதான்: தடுப்பூசியை இன்றைக்கே போட்டுவிடலாமா, நாலு நாள் போகட்டுமா? கன்று வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் பலரும் ஊசியைப் போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்போடு ஓர் ஐப்பசியில் இரண்டு கன்றுகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். அதற்குப் பிறகுதான் ஊசி என்றால் என்ன, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை முன்னாடியே யாராவது எனக்கு உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்குப் பக்கம், பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாய்கிற பகுதி. வளர்த்து எடை ஏற்றி விற்கலாம் என்று மணப்பாறைச் சந்தையில் ஆறு காளைக்கன்றுகள் வாங்கினேன். தரகர் துண்டைப் போட்டு மூடி என் விரலைப் பிடித்து விலை பேசினார். விலையெல்லாம் சரியாகத்தான் பேசினோம். ஆனால் கன்று எந்த ஊர், தாய்ப்பால் மறந்து எத்தனை நாள், இதற்கு முன்னால் என்ன ஊசி போட்டிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆறும் ஆறு வீட்டுக் கன்று. எல்லாவற்றையும் ஒரே குட்டி யானையில் ஏற்றினோம். திண்டுக்கல் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம், உள்ளே மூத்திர நெடியும் மூச்சுக்காற்றும் சேர்ந்து புழுங்கியது. வீடு வந்து சேர ராத்திரி பதினொன்று.

மறுநாள் காலையிலேயே தொண்டை அடைப்பான் ஊசி. அதே கையோடு குடற்புழு மருந்து, இரண்டு கன்றுக்குக் காயடிப்பு, காதில் வில்லை குத்துவது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று வயலுக்குப் போய்விட்டேன். நாலாம் நாள் ஒரு கன்று காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு தனியாக நின்றது. ஆறாம் நாள் அது போய்விட்டது, எட்டாம் நாள் இன்னொன்று. "ஊசி குத்தினாய்ங்க, கன்னு செத்துப்போச்சு" என்று தெருவில் பேச்சு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

டாக்டரம்மா வந்து இரண்டாவது கன்றை அறுத்துப் பார்த்தார். நெஞ்சைத் திறந்ததும் வித்தியாசம் எனக்கே தெரிந்தது. நுரையீரலின் பின்பகுதி இளஞ்சிவப்பாகப் பஞ்சு மாதிரி இருந்தது. முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் கருஞ்சிவப்பாக, தொட்டால் ஈரல் மாதிரி இறுகிக் கிடந்தது. பஞ்சு மாதிரி இருந்த இடத்தில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார், மிதந்தது. இறுகிய இடத்தில் ஒரு துண்டு வெட்டிப் போட்டார், நேராக அடியில் போய் உட்கார்ந்தது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் சளியும் சீழும் ரத்தமும் நிறைந்துவிட்டால் அது எப்படி மிதக்கும்?

"தம்பி, இது ஊசியால வந்தது இல்ல. நீங்க போட்ட ஊசி வேலை செய்றதுக்கு நாளும் ஆகல, அப்படியே ஆகியிருந்தாலும் அது இந்த நோய்க்கான ஊசியும் இல்ல" என்றார். இந்த இரண்டு வாக்கியத்துக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். கன்றின் மூக்கிலும் தொண்டையிலும் சில பாக்டீரியாக்கள் எப்போதும் குடியிருக்கும். மேன்ஹீமியா ஹீமோலிட்டிகா, பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்று பெயர். சும்மா இருக்கிற வரை ஒரு தொந்தரவும் கிடையாது, நல்ல ஆரோக்கியமான கன்றின் மூக்கில் துடைத்து எடுத்துப் பார்த்தாலும் இவை இருக்கும். அவை நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பது மூச்சுக்குழாயின் உள்பக்கம் இருக்கிற மெல்லிய மயிரிழைகளும் வழவழப்பான சளிப் படலமும்தான். மயிரிழைகள் ஓயாமல் மேல் நோக்கி அசைந்து தூசியையும் கிருமியையும் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், வாசலைப் பெருக்கிக்கொண்டே இருக்கிற மாதிரி.

கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, சந்தையில் நாள் முழுக்கத் தண்ணீர் காட்டாமல் நிறுத்தி, முன்பின் பார்க்காத கன்றுகளோடு மூக்கோடு மூக்கு உரச விட்டு, வண்டியில் நெருக்கி ஏற்றினால் மூன்று காரியம் ஒன்றாக நடக்கிறது. பயத்திலும் களைப்பிலும் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பு ஏறும், அது ஏறினால் நோயை எதிர்க்கும் அணுக்கள் மந்தமாகும். தண்ணீர் இல்லாததால் சளிப் படலம் காய்ந்து கெட்டியாகும், தூசியும் மூத்திரத்திலிருந்து வரும் அமோனியா நெடியும் மயிரிழைகளைக் கெடுக்கும். பக்கத்துக் கன்றிடமிருந்து வைரஸ் தொற்றும். ஐபிஆர், பிவிடி, பாராஇன்ஃபுளுவென்சா 3, ஆர்எஸ்வி என்று மாட்டுக்கு மூச்சு நோய் தருகிற வைரஸ்கள் பல உண்டு. பெரும்பாலும் வைரஸ் மட்டும் கன்றைக் கொல்வதில்லை, ஆனால் வாசல் கதவை உடைத்துவிடும். உடைந்த வாசல் வழியாக மூக்கில் சும்மா இருந்த பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகுகிறது. மேன்ஹீமியா ஒரு நச்சைச் சுரக்கும், அந்த நச்சு தன்னை எதிர்க்க வருகிற வெள்ளையணுக்களையே கொன்றுவிடும், செத்த வெள்ளையணுக்களிலிருந்து கசிகிறவை நுரையீரலை இன்னும் புண்ணாக்கும். வாளியில் மூழ்கிய துண்டு அப்படி ஆனதுதான். முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் முதலில் கெடுவதற்குக் காரணம், மூக்கிலிருந்து இறங்குகிறவை போய்த் தங்குகிற இடம் அது.

இதில் மாட்டின் உடற்கட்டும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. அதன் பருமனுக்கு நுரையீரல் சிறியது. ஒரு பகுதி போனால் ஈடுகட்ட மிச்சம் அதிகம் இருக்காது. அதனால்தான் இரண்டு நாள் லேசாகச் செருமிக்கொண்டிருந்த கன்று மூன்றாம் நாள் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து இரைக்கிற நிலைக்கு வந்துவிடுகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு ஷிப்பிங் ஃபீவர் என்று பழைய பெயர் உண்டு, பயணக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே இறைச்சிக்காக வளர்க்கும் கன்றுகளை ஆறேழு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்து, ஏலக் களத்தில் விற்று, பல பண்ணைக் கன்றுகளை ஒன்றாகக் கலந்து, லாரியில் நெடுந்தூரம் கொண்டுபோய் டெக்சாஸ், கான்சாஸ், நெப்ராஸ்கா மாதிரி இடங்களில் உள்ள பெரிய கொழுப்பேற்றும் பண்ணைகளில் விடுவார்கள். அந்தப் பண்ணைகளில் கன்றுகளுக்கு வருகிற நோய்களில் முதலிடம் இந்த மூச்சு நோய்க்குத்தான். அளவுதான் வேறு. மணப்பாறையிலிருந்து குட்டி யானையில் வந்த என் ஆறு கன்றுக்கும் அங்கே லாரியில் போகிற நூறு கன்றுக்கும் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான். மதுரையில் மாட்டுத்தாவணி என்று பஸ் ஏறுகிறோமே, தாவணி என்றால் மாட்டுச் சந்தைதான். கூட்டம் கூடுகிற இடத்தில் மாடு மட்டுமா கை மாறும், நோயும் சேர்ந்தே மாறும்.

சரி, இப்போது ஊசிக்கு வருவோம். தடுப்பூசி மருந்து இல்லை, இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஊசியில் இருப்பது கிருமியேதான், கொல்லப்பட்டதாகவோ வலு குறைக்கப்பட்டதாகவோ இருக்கும். கன்றின் உடம்பு அதைப் பார்த்து, அடையாளம் கண்டு, அதற்கு எதிரான பொருளைத் தானே தயாரிக்க வேண்டும். தயாரிக்கிற வேலை கன்றினுடையது, நாம் செய்வது ஆளைக் காட்டிக்கொடுப்பது மட்டும். அந்த வேலைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். கொல்லப்பட்ட கிருமி வகையாக இருந்தால் முதல் ஊசி அறிமுகம் செய்து வைப்பதோடு நின்றுவிடும், மூன்று நான்கு வாரம் கழித்துப் போடுகிற இரண்டாவது ஊசியில்தான் எதிர்ப்பு நன்றாக ஏறும். வலு குறைந்த உயிருள்ள வகை சீக்கிரம் வேலை செய்யும், ஒரே ஊசியில் நல்ல எதிர்ப்பு கிடைப்பதும் உண்டு. ஆனால் அந்தக் கிருமி கன்றின் உடம்பில் கொஞ்சம் பெருகித்தான் வேலை செய்கிறது. மூக்கில் விடுகிற சொட்டு வகையும் இருக்கிறது, நோய் நுழைகிற இடத்திலேயே சில நாட்களில் காவல் ஏற்படுத்திவிடும்.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். கன்று வந்தது ஒரு ராத்திரி. ஊசி மறுநாள். நோய் நாலாம் நாள். ஊசியின் வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே நோய் வேலையை முடித்துவிட்டது. வழியிலேயே தொற்றிக்கொண்டு வந்த கிருமிக்கு வீட்டில் இறக்கிப் போடுகிற ஊசி எப்படி முந்திக்கொள்ளும்? அதோடு அந்த உடம்பு இருந்த நிலையையும் யோசிக்க வேண்டும். கார்டிசால் ஏறி, பட்டினியில், காயடித்த வலியோடு நிற்கிற கன்றுக்கு ஊசி போட்டால் அது தருகிற பதிலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

நெல் போடுகிறவர்களுக்கு இது புதிதே இல்லை. நாற்றைப் பிடுங்கி நட்ட அன்றைக்கே மேலுரம் வீசுவோமா? நாற்று சோர்ந்து படுத்திருக்கும், வேர் பிடிக்க வேண்டும், பச்சை திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதானே உரம். பிடுங்கி நட்ட கன்றுக்கும் பச்சை பிடிக்க நாள் விட வேண்டும்.

எத்தனை நாள் என்பதில் அமெரிக்காவிலும் விவாதம் உண்டு. இறங்கிய ஒரு நாளுக்குள் ஊசி போடுவதுதான் அமெரிக்கப் பண்ணைகளில் நெடுநாள் பழக்கம், கன்றை ஒருமுறை மடக்கிப் பிடிக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது ஒரு காரணம். ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தினர் ஏலத்தில் வாங்கிய கன்றுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வந்தவுடனும் மறு பாதிக்கு 14 நாள் கழித்தும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசி போட்டுப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. தள்ளிப் போட்ட கூட்டம் எடை கூடுதலாக ஏறியது. நோய்வாய்ப்பட்ட எண்ணிக்கையில் இரண்டு கூட்டத்துக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. அதாவது, தள்ளிப் போட்டதால் நஷ்டம் வரவில்லை, ஆனால் அதுவே நோயை நிறுத்திவிடவும் இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, வண்டியில் ஏறிவிட்ட கன்றைப் பொறுத்தவரை ஊசி ஏற்கெனவே தாமதம்தான், இன்றைக்கா பதினாலாம் நாளா என்பதெல்லாம் அதற்குப் பிந்திய கேள்வி.

தாமதமாகாத இடம் எது? விற்கிறவர் வீடு. அமெரிக்காவில் நல்ல பண்ணைக்காரர்கள் விற்பதற்கு 45 நாள் முன்னாலேயே கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, தொட்டியில் தீனி தின்னப் பழக்கி, இரண்டு ஊசியும் போட்டு முடித்து அனுப்புகிறார்கள், வாங்குகிறவர் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். நம் பக்கம் அந்த வழக்கம் இல்லை, வந்தால் நல்லது என்று மனதார நினைக்கிறேன். பழகிய வீட்டில், பழகிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கூடப் பிறந்ததுகளோடு நிற்கிற கன்றுக்குப் போடுகிற ஊசிதான் முழுசாகப் பிடிக்கும்.

டாக்டரம்மா சொன்ன இரண்டாவது பாதி, "இந்த நோய்க்கான ஊசியும் இல்ல" என்பது. இதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தொண்டை அடைப்பானும் மூச்சை அடைத்துக் கொல்கிற நோய்தான், அதையும் உண்டாக்குவது பாஸ்டுரெல்லா மல்டோசிடாதான். பெயர் ஒன்று, வகை வேறு. ஆசியாவில் தொண்டை அடைப்பானைக் கொண்டுவருவது அதில் பி வகை. பயணத்துக்குப் பிறகு நுரையீரலில் இறங்கிச் சளி வைக்கிறது பெரும்பாலும் ஏ வகை. பி வகைக்குப் போட்ட ஊசியை நம்பி ஏ வகைக்குக் காவல் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்க முடியாது. மேன்ஹீமியாவுக்கும் வைரஸ்களுக்கும் அது சம்பந்தமே இல்லாத ஊசி. ஐபிஆர், பிவிடி என்று நாலைந்தைச் சேர்த்து அமெரிக்காவில் போடுகிற கூட்டு ஊசி நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் கிடையாது. ஆகவே நம் ஊரில் சந்தைக் கன்றின் சளிக்கு முதல் காவல் நாம் பார்த்துக்கொள்கிற விதம்தான், ஊசி அதற்குப் பக்கபலம்.

அப்படியென்றால் தொண்டை அடைப்பான் ஊசி வேண்டாமா என்று கேட்காதீர்கள், கட்டாயம் வேண்டும். அந்த நோய் வந்தால் அவகாசமே கொடுக்காது. திடீரென்று கடும் காய்ச்சல், வாயிலிருந்து எச்சில் வடியும், தாடைக்குக் கீழும் தொண்டையிலும் சூடான வீக்கம், மூச்சு விடும்போது கர்கர் என்று சத்தம், காலையில் பார்த்த மாடு மறுநாள் இருக்காது. எருமைக்கு இன்னும் மோசம். மழை தொடங்குகிற காலத்தில்தான் கிளம்பும். நமக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது, எதிர்ப்பு ஏற இரண்டு வாரம் வேண்டும், அப்படியானால் புரட்டாசி நடுவுக்குள் ஊசி போட்டாகிவிட வேண்டும். நான் செய்த தப்பில் இதுவும் உண்டு, ஐப்பசி மழையில் கன்றைக் கொண்டுவந்து இறக்கி அதற்குப் பிறகு ஊசியைத் தேடினேன். ஆறு மாதம் நிரம்பிய கன்றிலிருந்து ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி இது. இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது, தமிழ்நாட்டுக்கான கால்நடைத் தடுப்பூசிகள் பல அங்கேதான் தயாராகின்றன.

கோமாரி ஊசி நாலு மாதத்தில் முதல் தடவை, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதை அரசே இலவசமாகப் போடுகிறது, காது வில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணில் பதிவும் செய்கிறார்கள். வாங்குகிற கன்றின் காதில் வில்லை இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மருந்தகத்தில் கேளுங்கள், என்ன ஊசி எப்போது போட்டது என்று தெரிய வாய்ப்பு உண்டு. வில்லையைக் கழற்றிவிட்டு விற்கிறவர்களிடம் நான் இப்போது வாங்குவதில்லை.

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். கன்று வருவதற்கு முன்பே கொட்டத்திலிருந்து தள்ளி ஓரிடம் தயாராக இருக்க வேண்டும், பழைய மாட்டோடு மூக்கு உரசாத தூரத்தில். வாளி தனி, தொட்டி தனி. வீட்டு மாட்டுக்குத் தீனி வைத்து முடித்துவிட்டு, கடைசியாகத்தான் புதுக் கன்றிடம் போவேன், அங்கிருந்து கை கால் கழுவாமல் திரும்ப மாட்டேன். மூன்று வாரத்துக்கு இப்படித்தான். இடம் பார்க்கும்போது நின்றபடி பார்த்தால் போதாது. கன்றின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து இரண்டு நிமிஷம் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் அங்கே அமோனியா தேங்குகிறது, கீழே ஈரம் இருக்கிறது, தட்டியை அவிழ்த்துக் காற்று வர விட வேண்டும். மழைச்சாரல் அடிக்கிறது என்று நாலு பக்கமும் சாக்கைக் கட்டி மூடுவது கன்றுக்கு நன்மை இல்லை.

இறக்கியதும் தண்ணீர். கொஞ்சம் வெல்லமும் உப்பும் கரைத்துக் கொடுப்பேன். அப்புறம் நல்ல காய்ந்த வைக்கோலோ சோளத்தட்டையோ. பாவம், பசியோடு வந்திருக்கிறதே என்று அரிசிக் கஞ்சியும் தவிடும் புண்ணாக்கும் அன்றைக்கே அள்ளி வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். பொங்கல் முடிந்த மறுநாள் மருந்தகத்து வாசலில் வயிறு உப்பிய மாடுகள் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் இங்கேயும் நடக்கும். பட்டினி கிடந்த வயிற்றில் மாவுத் தீனி புளித்து அமிலமாகும், அதில் சோர்ந்த கன்றைச் சளி சுலபமாகப் பிடிக்கும். அடர்தீனியை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் போதும். காயடிப்பு, கொம்பு தீய்ப்பது எல்லாம் இந்த மூன்று வாரத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

தினமும் விடியக்காலையில் வெப்பமானி வைக்கிறேன். வெயில் ஏறிய பிறகு வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் கணக்குத் தப்பும். வெப்பமானியின் முனையில் ஒரு முழம் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணிக்கிளிப்பு, கிளிப்பை வால் மயிரில் மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கன்று உதறுகிற உதறலில் சாணத்துக்குள் போய்த் தேட வேண்டியிருக்கும். விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்து, சுவரோரம் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடித்தால் சரியாகக் காட்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் பயமில்லை. 103 தாண்டினால் சாயந்திரம் மறுபடியும் பார்ப்பேன். 104 என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, டாக்டருக்குப் போன்தான். அலையவிடாமல் வீட்டுக்கே வரவழைக்க 1962 என்ற எண் இருக்கிறது. காய்ச்சல் வந்த முதல் நாளில் மருந்து ஆரம்பித்த கன்றுக்கும் மூன்றாம் நாளில் ஆரம்பித்த கன்றுக்கும் இருக்கிற வித்தியாசம் அந்த வாளியில் மிதந்த துண்டுக்கும் மூழ்கிய துண்டுக்கும் இருந்த வித்தியாசம்தான். எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும், மெடிக்கலில் போய் "சளிக்கு ஒரு ஊசி கொடுங்க" என்று வாங்கிக் குத்துவதை விட்டுவிடுங்கள்.

வெப்பமானி ஒன்றுதான் வழி என்றில்லை, கண்ணும் வேண்டும். தீனி போட்டதும் எழுந்து வராமல் படுத்தே இருக்கிற கன்று, காது ஒருபக்கம் சாய்ந்த கன்று, மூக்கை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளாமல் சளி வடிய விட்டிருக்கிற கன்று, இவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்வேன். நலமான மாடு மூக்கை ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

இரண்டு வாரம் ஆகி, தீனி நன்றாக எடுத்து, அசை போட்டு, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அப்போது ஊசிக்குச் சொல்கிறேன். இது கல்லில் வெட்டிய சட்டம் இல்லை. பக்கத்து ஊரில் தொண்டை அடைப்பான் கிளம்பிவிட்டது என்று தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருப்பது தப்பு, டாக்டரைக் கேட்டு உடனே போட்டுவிட வேண்டும், அரைகுறை எதிர்ப்பும் ஒன்றுமில்லாததற்கு மேல். அடுத்த தெருவிலிருந்து நடத்திக் கூட்டி வந்த கன்று என்றால் அதற்குக் களைப்பே இல்லை, ஓரிரு நாளில் போடலாம். காய்ச்சலில் இருக்கிற கன்றுக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தடுப்பூசி வேண்டாம். டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு ஊசி யாராவது போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கார்டிசால் செய்கிற வேலையையே அதுவும் செய்யும்.

ஊசி மருந்தைக் கொண்டுவருவதிலும் நிறையக் கெடுகிறது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்து வந்த பாட்டிலைப் போட்டுப் பயனில்லை. அதே மாதிரி ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்து உறைய விடுவதும், ஃப்ரீசரில் வைப்பதும் கூடாது, கொல்லப்பட்ட கிருமி வகை ஒருமுறை உறைந்தால் அத்தோடு கெட்டது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ், அதன்மேல் நாலு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் பாட்டில். அடியில் வண்டல் தங்கும், நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் கன்றுக்குத் தண்ணீரும் கடைசிக் கன்றுக்கு வண்டலும் போகும். கலந்து போடுகிற உயிருள்ள வகையைக் கலந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், டெட்டாலில் கழுவிய சிரிஞ்சை அதற்குத் தொடக்கூடாது, கிருமியைக் கொல்வதற்கென்றே இருக்கிற டெட்டால் இந்தக் கிருமியையும் கொன்றுவிடும். சதையிலா தோலுக்கு அடியிலா என்பது பாட்டிலைப் பொறுத்தது. எதுவானாலும் கழுத்தில் போடச் சொல்லுங்கள், தொடையில் வேண்டாம். இறைச்சிக்கு வளர்க்கிற கன்றில் ஊசி குத்திய இடம் தழும்பாகிச் சதை கெடும், தொடைதான் விலை போகிற சதை.

போட்ட பிறகு அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். அரிதாகச் சில கன்றுக்கு ஒவ்வாமை வரும், முகம் வீங்கும், மூச்சு இரைக்கும், ஊசி போட்டவர் கிளம்பிவிடுவதற்கு முன்னால் அது தெரிந்துவிட்டால் நல்லது. ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், தீனி குறைவது, குத்திய இடத்தில் எலுமிச்சை அளவு கட்டி, இதெல்லாம் தானாக அடங்கும். உடம்பு வேலையை ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

வீட்டிலேயே பிறக்கிற கன்றுக்கு வேலை இன்னும் முன்னால் தொடங்குகிறது. பிறந்ததும் சீம்பால், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு முதல் நாளில் உள்ளே போக வேண்டும். நேரம் ஆக ஆகக் குடல் அந்த எதிர்ப்புப் பொருளை உறிஞ்சுவது குறைந்து, ஒரு நாளில் கதவு அடைத்துக்கொள்ளும். சீம்பாலை முழுக்கக் கறந்து தெருவுக்கெல்லாம் கொடுப்பது நம் வழக்கம், கன்று வயிறு நிறைந்த பிறகு மிச்சத்தைக் கொடுக்கலாம். தாயிடமிருந்து வந்த அந்த எதிர்ப்புப் பொருள் முதல் சில மாதம் காக்கும், ஊசி போட்டாலும் அந்தச் சமயத்தில் ஊசிக் கிருமியையே அது மறித்துவிடும், தடுப்பூசிக்கு நாலு மாதம், ஆறு மாதம் என்று வயது வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தப் புரட்டாசிக்கு நாலு கன்று பேசியிருக்கிறேன், இந்த முறை சந்தையில் இல்லை, சோழவந்தான் பக்கம் ஒரு வீட்டில். கன்றுக்கு ஐந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன், ஆவணி கடைசியிலேயே தொண்டை அடைப்பான் ஊசி போட்டு, தேதியை எழுதி வைத்துவிடுங்கள் அண்ணே என்று கேட்டுக்கொண்டேன். போன வாரம் போட்டுவிட்டதாகப் போன் செய்தார். கொட்டத்தின் மேற்குப் பக்கம் தட்டி கட்டியாகிவிட்டது. கன்று வருகிற அன்றைக்கு நோட்டில் முதல் வரியாக அந்தத் தேதியைத்தான் எழுதப்போகிறேன், அதற்குக் கீழே காலை வெப்பம்.